பெயர் எழுதும் மேசை: தோட்டச் சபை ஒன்றின் ஊழியம் பற்றிய நிகழ்வு ஆய்வு

இலங்கையின் நுவரெலியா மாவட்டத்தில், லிந்துலைக்கும் அக்கரப்பத்தனைக்கும் இடைப்பட்ட ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில் ஒரு சின்னச் சபை உண்டு. எல்லாக் குடும்பங்களும் வந்தாலும் ஞாயிறு ஆராதனையில் பாதி வாங்குகள் வெறுமையாகவே இருக்கும். போதகருக்கு இன்னும் பல தோட்டங்களைப் பார்க்க வேண்டியிருப்பதால் மாதத்தில் ஓரிரு முறைதான் மேலே ஏறி வருவார். இந்தச் சபையார் சில வருடங்களாக ஞாயிறு பின்னேரங்களில் ஒரு மேசையைப் போட்டு, வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஓய்வின்போது கிடைக்கும் சேமலாபக் காசு, அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவுக்கான மேன்முறையீடு எனப் பலதுக்கும் ஆட்கள் வருகிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் இந்துக்கள்.

மலையகத்தில் கிறிஸ்தவ சேவை என்றதும் நிவாரணப் பொதியும் சுகமளிக்கும் கூட்டமும் இலவச வகுப்பும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அவற்றில் பலதும் நல்லெண்ணத்தோடு நடப்பவை. ஆனாலும் இந்தச் சபை பிடித்துக்கொண்ட வேலை இம்மண்ணின் காயத்துக்கு இன்னும் நெருக்கமானது என்று நான் நம்புகிறேன். அதனால்தான் இது எப்படித் தொடங்கியது, எப்படி நடக்கிறது, எங்கே நின்றுபோகிறது என்று விரிவாக எழுத நினைத்தேன். தோட்டத்தின் பெயரும் ஆட்களின் பெயர்களும் இதில் வராது. வருகிறவர்களுடைய காரியங்கள் அவர்களுக்கே உரியவை.

காகிதத்தில் இல்லாதவர்கள்

1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பான்மையோரை ஒரே அடியில் நாடற்றவர்களாக்கியது. 1964 இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அண்ணன் இராமேஸ்வரம் கப்பலில், தம்பி இங்கே லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) என்று உடைந்த குடும்பங்களின் கதை இன்றும் ஒவ்வொரு தோட்டத்திலும் கேட்கக் கிடைக்கும். இங்கே தங்கியும் குடியுரிமை இல்லாதிருந்த இந்திய வம்சாவளியினருக்கு 2003 இன் 35 ஆம் இலக்கச் சட்டம்தான் உரிமை தந்தது.

சட்டப்படி அந்தப் பிரச்சினை முடிந்துவிட்டது. அது விட்டுச்சென்ற பழக்கங்கள் முடியவில்லை. பிறப்பைப் பதியாமல் விடுவது, கோயிலில் தாலி கட்டியதோடு கல்யாணப் பதிவை மறந்துவிடுவது, ஆபீஸ் என்றாலே ஒதுங்குவது எல்லாம் மூன்று தலைமுறையாக ஊறிப்போனவை. ஒரு காலத்தில் காகிதம் கேட்டு வந்தவன் ஆளை நாட்டைவிட்டு அனுப்ப வந்தவனாகவே இருந்தான். அந்தப் பயத்தை அறியாமை என்று சொல்வது அநியாயம்.

அடுத்தது பெயர்ச் சிக்கல். பிறப்புப் பதிவாளர் சிங்களத்தில் காதில் விழுந்தபடி ஒன்றை எழுதுவார். செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வேலையாள் பதிவேட்டில், கணக்கப்பிள்ளை கூப்பிடுகிற பெயரை எழுதியிருப்பார். பாடசாலையில் ஆசிரியர் அழகான ஒரு தமிழ்ப் பெயராகத் திருத்தியிருப்பார். அடையாள அட்டைக்கு இதில் ஏதோ ஒன்று போயிருக்கும். நாற்பது வருடம் கொழுந்து பறித்த ஒரு பெண் ஓய்வுபெறும்போது நாலு இடத்தில் நாலு ஆளாக நிற்பாள். 13 ஆம் திருத்தத்தால் 1987 இல் தமிழும் அரசகரும மொழியானது. ஆனாலும் மலையகத்து அலுவலகங்களில் பல படிவங்கள் இன்றும் சிங்களத்தில்தான் கைக்கு வருகின்றன.

தூரமும் ஒரு தடை. நுவரெலியா மாவட்டத்தில் நீண்ட காலம் ஐந்தே பிரதேச செயலகங்கள் இருந்தன. 2012 குடிசன மதிப்பீட்டின்போது நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரண்டில் மட்டும் ஒவ்வொன்றிலும் 2 லட்சத்துக்கு மேல் மக்கள். ஒரு கையொப்பத்துக்காகப் போனால் அன்றைய பேர், அதாவது ஒரு நாள் வேலையும் சம்பளமும், போய்விடும். 2024 செப்டம்பரில் நாள் சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. "நாளைக்கு வாங்க" என்று அலுவலகத்தில் சொல்லும் ஒவ்வொரு முறையும் அந்தக் குடும்பம் ஒரு நாள் சம்பளத்தையும் பஸ் காசையும் இழக்கிறது. லயக் காம்பராக்களுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதங்கள் தோட்ட ஆபீசுக்கு வந்து, யாராவது எடுத்து வந்தால்தான் உரியவர் கைக்குச் சேரும். நேர்முகத் தேர்வுத் திகதி கழிந்த பிறகு அழைப்புக் கடிதம் கிடைத்த பிள்ளைகள் இந்த டிவிசனிலேயே இருக்கிறார்கள்.

சபைக்கு வந்த இரண்டு மரபு

மலையகத்துத் தமிழ்த் திருச்சபையின் வேர் 1854 இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனில் இருக்கிறது. பின்னர் அது தமிழ்ச் சபை மிஷன் என்று பெயர் மாறியது. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசிமார் கோப்பித் தோட்ட லயங்களை ஒவ்வொன்றாக நடந்து, படிக்கச் சொல்லிக்கொடுத்து, ஞானஸ்நானம் பெற்றவர்களின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதிவைத்தார்கள். அதே மிஷனுக்குத் தோட்டத் துரைமார்தான் காசு கொடுத்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. டிக்கோயாவில் 1878 இல் கட்டப்பட்ட வார்லி ஆலயத்தைப் போன்ற கல் ஆலயங்கள் துரைமாருக்காக எழும்பின. துரை கொடுத்த காணியில், துரையின் அனுமதியோடு நின்ற சபையால் துரையின் கணக்குப் புத்தகத்தைக் கேள்வி கேட்க முடியவில்லை.

இதற்கு எதிரான ஒரு மரபும் உண்டு. இயேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ் 1972 இல் கண்டியில் சத்தியோதய நிலையத்தைத் தொடங்கினார். சிங்களவரும் தமிழரும் ஒன்றாக வேலை செய்யும் இடமாக அது இருந்தது. நாடற்றவர் பிரச்சினையையும் தோட்ட மக்களின் கூலியையும் வீட்டையும் பற்றி வாழ்நாள் முழுதும் எழுதியும் பேசியும் வந்த அவர் 2017 இல் காலமானார். அவர் கத்தோலிக்கர், நான் சொல்லும் சபை புரட்டஸ்தாந்து சபை. ஆனாலும் அந்தச் சபைப் பெரியவர்கள் சிலர் அவரை மரியாதையோடு நினைவுகூர்வதை நான் கேட்டிருக்கிறேன். விசுவாசம் என்பது அடுத்தவருடைய உரிமைக்காக மினக்கெடுவதும்தான் என்ற எண்ணம் அவர்களுக்குப் புதிதாக வந்ததில்லை.

தொடக்கம்

2022 இல் நாடு வங்குரோத்து நிலைக்குப் போனபோது மாவும் மண்ணெண்ணெயும் கிடைக்காமல் லயங்கள் தவித்தன. அப்போது வெளியூரிலிருந்து ஒரு குழு இந்தச் சபை மூலம் உலர் உணவுப் பொதிகளை அனுப்பியது. ஒவ்வொரு பொதிக்குள்ளும் துண்டுப் பிரசுரமும் கூட்டத்துக்கான அழைப்பும் இருந்தன. சபையார் அதைப் பிரித்துப் பார்க்காமலே கொடுத்துவிட்டார்கள். மறுநாள் கோயில் கமிட்டித் தலைவர் ஆலயத்துக்கு வந்து, போதகரைக் கண்டு நேராகவே சொன்னார்:

"பாஸ்டர் ஐயா, பசிச்ச வயித்துக்கு அரிசி குடுக்கிறது புண்ணியம். அந்தப் பைக்குள்ள புத்தகத்தயும் வச்சுக் குடுத்தா அது வேற கணக்கு."

சண்டை எதுவும் நடக்கவில்லை. ஆனால் அந்த வருடம் மாரியம்மன் திருவிழாவுக்குச் சபைக் குடும்பங்களிடம் வழக்கமாகக் கேட்கும் ஒத்தாசையைக் கமிட்டி கேட்கவில்லை. ஒரே பீலித் தண்ணியைப் பிடித்து, ஒரே மலையில் கொழுந்து எடுக்கும் சனத்துக்கு அது சின்ன விஷயமில்லை.

சில மாதம் கழித்து, ஓய்வுபெற்ற தொழிலாளிப் பெண் ஒருவர் சபையைச் சேர்ந்த ஒரு பிள்ளையிடம் சிங்களக் கடிதமொன்றைக் கொண்டுவந்தார். அந்தப் பிள்ளை கொழும்பில் கார்மெண்ட்ஸில் வேலை செய்து சிங்களம் எழுதப் படிக்கத் தெரிந்துகொண்டவள். "பாப்பா, இதுல என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லு. ஆபீஸ்ல கேக்க வெக்கமா இருக்கு." தொழில் அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் அது. சேமலாப நிதி விண்ணப்பத்தில் உள்ள பெயரும் அடையாள அட்டைப் பெயரும் பொருந்தவில்லை என்று எழுதியிருந்தது. அந்தப் பிள்ளை வாசித்துச் சொன்னதோடு நிற்கவில்லை. அடுத்த வாரம் அந்த அம்மாவோடு பஸ் ஏறிப் போனாள். அடுத்த ஞாயிறு இன்னும் மூன்று பேர் வீட்டு வாசலில் நின்றார்கள்.

மேசை நடக்கும் விதம்

முதலில் மேசையை ஆலயத்துக்குள்தான் போட்டார்கள். வந்தவர்கள் படியிலேயே நின்றார்கள், செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்றுகூடத் தெரியாமல். இரண்டு மூன்று வாரத்தில் மேசை, தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராத் திண்ணைக்குப் போய்விட்டது. எல்லாத் தாய்மாரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து பழகிய இடம் அது. என் பார்வையில் இந்த முழு ஊழியத்திலும் எடுத்த மிக நல்ல முடிவு இதுதான். யாருடைய வாசலை யார் மிதிப்பது என்ற கேள்வியே அத்தோடு இல்லாமல் போனது.

மேசையில் உட்காருகிறவர்கள் சிங்களம் தெரிந்த அந்தப் பிள்ளை, உயர்தரம் முடித்த இரண்டு பொடியன்மார், ஓய்வுபெற்ற ஒரு கணக்கப்பிள்ளை. கணக்கப்பிள்ளையின் பங்கு பெரியது. எந்த வருடம் எந்த மலை யாருடைய கங்காணித்தனத்தில் இருந்தது, எந்தப் பெயர் யாருடையது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பழைய செக்ரோலில் எதைத் தேடச் சொல்லித் தோட்ட ஆபீசில் கேட்பது என்றும் அவருக்குத்தான் தெரியும்.

சில ஒழுங்குகளை வைத்திருக்கிறார்கள். கேட்டால் ஒழிய ஜெபம் செய்வதில்லை. பிரசுரம் இல்லை. யாருடைய காரியம் சரியானாலும் ஆராதனையில் சாட்சி நேரத்தில் அதைச் சொல்லக் கூடாது. காசு வாங்குவதில்லை. காய்கறி விஷயத்தில்தான் தடுமாறினார்கள். தன் வீட்டுப்பக்கத் துண்டில் போட்ட லீக்ஸையும் கோவாவையும் ஒரு பாட்டி கொண்டுவந்து வைத்தபோது வேண்டாம் என்றார்கள். அவர் முகம் வாடிப்போனது. இப்போது வருகிற காய்கறி எல்லாம் பிள்ளைக்காம்பராச் சமையலுக்குப் போகிறது. கொடுத்தவருக்கும் கௌரவம், பிள்ளைகளுக்கும் சாப்பாடு.

ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு வைத்து, எல்லாப் பத்திரத்திலும் ஒரு பிரதி எடுத்துச் சேர்க்கிறார்கள். எந்த அலுவலகத்துக்கு யார் போனார், என்ன சொன்னார்கள், அடுத்து என்ன என்று கோப்பின் மேல் பென்சிலால் எழுதுகிறார்கள். முடிந்தவரை நாலைந்து பேரின் வேலையைச் சேர்த்து ஒரே நாளில் ஒருவர் கொண்டுபோகிறார். அதனால் மற்றவர்களின் பேர் தப்புகிறது. ஆளே நேரில் வர வேண்டிய வேலைக்கு மட்டும் அவரைக் கூட்டிப் போகிறார்கள்.

இரண்டு காரியங்கள்

முதலில் வந்த அந்த அம்மாவின் சேமலாபக் காசு. பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் இந்த நிதியைப் பெறலாம். அதற்கான கே படிவத்தைத் தொழில் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அவருக்கு செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயரே வேறு. கிராம சேவகரின் உறுதிக் கடிதம், தோட்ட ஆபீஸ் கடிதம், சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி, அதற்குப் பிறகும் ஒரு விளக்கக் கடிதம். ஒன்று சரியானால் இன்னொன்று பழைய திகதியாகிவிடும். இதற்கிடையில் பணிக்கொடை பற்றி அவருக்கு யாருமே சொல்லியிருக்கவில்லை என்பதைக் கணக்கப்பிள்ளை கண்டுபிடித்தார். 1983 இன் பணிக்கொடைச் சட்டப்படி ஐந்து வருடமோ அதற்கு மேலோ வேலை செய்த நாட்கூலித் தொழிலாளிக்கு, வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் சேர வேண்டும். அதற்கும் எழுதிப் போட்டார்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஆனது, ஆனால் இரண்டும் வந்தன. அந்த அம்மா இன்றும் கோயிலுக்குத்தான் போகிறார். அதைப் பற்றி மேசையில் இருக்கும் யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

மற்றது ஒரு மாணவியுடையது. சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை வேண்டும், 15 வயதில் அதை எடுக்கலாம். அவளுக்குப் பிறப்புப் பதிவே இல்லை. வீட்டிலேயே பிறந்தவள். அப்பா வேலைக்குப் போன இடத்தில் தங்கிவிட்டார், அம்மா வெளிநாட்டில். அம்மாயிதான் வளர்க்கிறார். பிறந்து மூன்று மாதத்துக்குள் பதியாத பிறப்பைப் பிந்திப் பதிவதற்கு வயதையும் பெற்றோரையும் காட்டும் பத்திரங்கள் தேவை. ஞானஸ்நானச் சான்றிதழ், சாதகம், தடுப்பூசி அட்டை, பாடசாலை அனுமதிப் பதிவு முதலியவை அதற்கு உதவும். அவளுடைய தடுப்பூசி அட்டை ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகி நனைந்து கிழிந்துபோயிருந்தது. மருத்துவமாதுவின் பதிவேட்டிலிருந்து ஒரு குறிப்பு கிடைத்தது. அம்மாயி பெட்டியின் அடியிலிருந்து மஞ்சள் தடவிய சாதகத்தை எடுத்து வந்தார். ஆலயப் பதிவேட்டை அவளுடைய தாய்வழிப் பாட்டனுக்காகப் புரட்டினார்கள். அவர் சிறுவயதில் இதே ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவர், பின்னாளில் குடும்பம் கோயிலோடு சேர்ந்துவிட்டது. அவருடைய பெயரும் தோட்டமும் பிறந்த திகதியும் அதில் தெளிவாக இருந்தன. தாயின் குடும்பப் பெயரில் இருந்த குழப்பம் அதனால் தீர்ந்தது. சாதகமும் ஞானஸ்நானப் பதிவும் ஒரே கோப்பில் பிரதேச செயலகத்துக்குப் போயின. பிள்ளை பரீட்சை எழுதினாள்.

இதற்குப் பிறகு பழைய பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து வைக்கச் சபை முடிவெடுத்தது. கறையான் அரித்துக்கொண்டிருந்த புத்தகம் அது. மலையகத்தின் மற்றச் சபைகளும் தங்கள் அலுமாரியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

சபைக்குள் எழுந்த கேள்வி

எல்லோரும் இதை வரவேற்கவில்லை. ஒரு மூப்பர் சபைக் கூட்டத்தில் கேட்டார்: "நாம சுவிசேஷம் சொல்ல வந்தவுங்களா, போம் நெரப்ப வந்தவுங்களா? இத்தன பேரு வந்து போறாங்க, ஒரு ஆத்துமாவாவது ஆலயத்துக்கு வந்துச்சா?" அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. சபை சிறுத்துக்கொண்டே போவது அவருக்கு உண்மையான வேதனை.

சபையில் வயதில் மூத்த அம்மா எழுந்து நின்று பதில் சொன்னார்: "எங்கப்பா செத்தப்ப அவரு காச வாங்க எங்கம்மா நாலு வருசம் நடந்துச்சு. ஒருத்தரும் கூட வரல தம்பி. வீட்டுக்கு வந்து ஜெபம் மட்டும் பண்ணிட்டுப் போனாங்க."

யாக்கோபின் நிருபம் இரண்டாம் அதிகாரம் இதையேதான் கேட்கிறது. குளிரிலும் பசியிலும் நிற்பவனைச் சமாதானத்தோடே போ என்று அனுப்பிவிட்டு, தேவையானதைக் கொடுக்காவிட்டால் என்ன பிரயோசனம்? லூக்கா இரண்டாம் அதிகாரத்தைத் தோட்டத்தில் ஒவ்வொரு நத்தாருக்கும் வாசிக்கிறோம். குடிமதிப்பு எழுத அரசன் கட்டளையிட்டதால், நிறைமாதக் கர்ப்பிணியோடு யோசேப்பு ஊர் தாண்டிப் போகிறான். இரட்சகர் பிறந்தது பெயர் பதியப் போன இடத்தில். 1964 க்குப் பிறகு அடையாளக் காகிதம் தேடி அலைந்த சனத்துக்கு அந்த அதிகாரம் எவ்வளவு நெருக்கமாக இருந்திருக்கும்!

அந்த மூப்பரின் கேள்விக்கு என் பதில் இதுதான். உதவிக்கு ஈடாக ஆளைக் கேட்கும்போது உதவி பெறுகிறவருக்கு மறுக்கும் சுதந்திரம் இல்லாமல் போகிறது. அப்படி வருகிற சம்மதத்தை விசுவாசம் என்று சொல்ல முடியாது. நல்ல சமாரியன் காயப்பட்டவனைச் சத்திரத்தில் சேர்த்துக் காசும் கட்டினான். அவன் எந்த மலையில் தொழுகிறவன் என்று கேட்டதாக உவமையில் இல்லை.

மூப்பர் முழுதாக மனம் மாறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மேசைக்கு வேண்டிய கோப்புகளை இப்போது அவர்தான் தலவாக்கலையிலிருந்து வாங்கி வருகிறார்.

மேசைக்கு எட்டாதவை

வீடும் காணியும் மேசைக்கு எட்டவில்லை. லயத்தில் பிறந்து லயத்தில் ஓய்வுபெற்றவருக்கு அந்தக் காம்பராமேல் எழுத்தில் ஓர் உரிமையும் இல்லை. 2018 இல் சட்டம் திருத்தப்படும்வரை பிரதேச சபைகளுக்குத் தோட்டத்துக்குள் ஒரு ரோட்டைப் போடக்கூட வழி இருக்கவில்லை. இதெல்லாம் ஒரு சபை படிவம் நிரப்பித் தீர்க்கக்கூடியது அல்ல. அரசியலும் தொழிற்சங்கமும் செய்ய வேண்டியது. திருச்சபையின் மேல்மட்டம் சேர்ந்து குரல் கொடுக்க வேண்டியது. கீழே ஒரு மேசை நடக்கிறது என்பதைக் காட்டி மேலே இருப்பவர்கள் சும்மா இருக்கக் கூடாது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோது இது இன்னும் தெளிவானது. நாடு முழுதும் 600 க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. மலைநாட்டில்தான் மண்சரிவு அதிகம். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்தபோது சொன்ன பாடத்தையே மலை மறுபடி சொன்னது. இந்த டிவிசனில் உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் கீழ் லயத்தில் மண் இறங்கிச் சில குடும்பங்கள் பாடசாலையில் தங்கின. பெட்டியோடு பத்திரங்களை இழந்தவர்களுக்கு மேசையின் கோப்பிலிருந்த பிரதிகள் கைகொடுத்தன. வீடு யாருடையது என்று கேட்ட இடத்தில் காட்ட எந்தப் பிரதியும் இல்லை.

முடியாமல் நிற்கிற கோப்புகளும் இருக்கின்றன. தாயும் தகப்பனும் பதியாத, பாடசாலைக்கே போகாத ஒரு நடுவயதுக்காரரின் கோப்பு அதில் ஒன்று. சாட்சி சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராக இறந்துபோகிறார்கள். கணக்கப்பிள்ளை இன்னும் விடவில்லை.

உயர்தரம் முடித்த பொடியன்மாரில் ஒருவர் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார். அவருடைய கதிரையில் இப்போது கோயில் கமிட்டித் தலைவரின் மகள் உட்காருகிறாள். கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவள். பக்கத்துத் தோட்டத்திலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கியதால், அங்கே ஒரு மேசை போடலாமா என்று இரு தரப்பும் பேசி, அங்குள்ள கோயில் மண்டபத்தைக் கேட்டிருக்கிறார்கள். முதலில் எந்தெந்தப் படிவத்தின் தமிழ்ப் பிரதி தேவை என்று தலைவரின் மகளும் கணக்கப்பிள்ளையும் பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.